துணி பார்த்த மாடு

படத்துக்காரர்கள் கசில்தாவுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சுலபமானது. கறுப்பு லேஸ் முக்காட்டைப் போட்டுக்கொண்டு காளைப்போர் வட்டத்தின் முதல் வரிசையில் உட்கார வேண்டும். கீழே மாட்டின் முன்னால் நிற்கிற காளைப்போர் வீரன் எவரிஸ்தோவைக் காதலோடு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பேச்சுக் கிடையாது, அந்தக் காலத்துப் படத்தில்தான் சத்தமே வராதே. முகம் இருந்தால் போதும்.

அந்தச் சுலபமான வேலைதான் ஒரு வாரமாக அவள் வீட்டில் அடுப்பு மட்டும் எரிந்து பேச்சு அணைந்துபோகக் காரணம்.

அவள் புருஷன் நிகானோர், எவரிஸ்தோவின் ஆட்களில் முதல் ஆள். எவரிஸ்தோ பட்டுச்சட்டையும் பொன்சரிகையுமாக நடுவில் நிற்பான். நிகானோர் வட்டத்தின் ஓரத்தில் பலகை மறைப்புக்குப் பின்னால் போர்வைத் துணியோடு காத்திருப்பான். மாடு எசகுபிசகாக நெருங்கினால் ஓடிப்போய்த் துணியை வீசி அதை இழுத்துக்கொண்டு போவது இவன் வேலை. எவரிஸ்தோவின் உயிர் நிகானோரின் கையில் என்று சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை.

இந்த நிகானோருக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்னால், ஒரு குளிர்காலம் பூராவும் எவரிஸ்தோ அவள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகாத பையன்கள் அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு எவரிஸ்தோவுக்குச் செவியா நகரத்தில் பேர் வந்தது, தலைநகரம் மத்ரித்தில் பணம் வந்தது, ஜன்னல் மறந்துபோயிற்று. அதே கம்பிக்கு வெளியே நிகானோர் வந்து நின்றான். ஊரறிந்த கதை. நிகானோரும் அறிந்தவன்தான், அறிந்துதான் கட்டினான். ஆனால் அறிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

மத்ரித்திலிருந்து படமெடுக்க வந்த தோன் இலாரியோ, ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணையில் கூடாரம் போட்டிருந்தார். கதையில் ஒரு காளைப்போர் வீரன், அவனுக்காக ஒரு சீமாட்டி உருகுகிறாள், ஓர் ஏழைப் பெண்ணும் உருகுகிறாள், பொறாமையில் எல்லாரும் நாசமாகிறார்கள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கசில்தாவைப் பார்த்தவர் கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "இந்த மூஞ்சிதான்யா வேணும் எனக்கு! கூப்பிடு அந்தப் பொண்ணை!" என்றார். ஏழைப் பெண் கிடைத்துவிட்டாள்.

முதல் நாள் அவளை நிறுத்தி, எவரிஸ்தோவை எதிரே நடக்கவிட்டு, அவர் தகரக் குழல் வழியாகக் கத்தினார். "பாரும்மா அவனை! அவன் இல்லேன்னா நீ இல்ல. அவன் உன்ன விட்டுட்டுப் போறான். போறான்... போயிட்டான்!"

அவள் பார்த்தாள். காமிராவின் கைப்பிடியைச் சுற்றுவது நின்றது. பிறகு மாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். தோன் இலாரியோ மூக்கைச் சிந்திக்கொண்டு, "மத்ரித்துல ஒருத்திய சம்பளம் போட்டு வெச்சிருக்கேன், ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவளுக்கு இது வராது" என்றார். நிகானோர் கையில் துணியோடு அங்கேயேதான் நின்றிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "அந்தப் பார்வைய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

"நடிக்கச் சொன்னாங்க, நடிச்சேன்."

"நடிப்பா? நீயா? எங்கம்மா ஆக்கின கடலக்குழம்பு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லச் சொன்னா, உன் மூஞ்சி உன்னக் காட்டிக் குடுத்துடும். நீ நடிச்சியாக்கும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது, ஏனென்றால் அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. அந்தப் பார்வை கேட்டதும் வந்துவிட்டது. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. எவரிஸ்தோவிடம் மட்டும் முன்பைவிட அதிகமாகச் சிரித்துப் பேசினான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெரிய காட்சி ஞாயிற்றுக்கிழமை. பண்ணையின் சின்ன வட்டத்தில் ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கு ரொட்டியும் மத்தி மீனும் ஒரு குவளை ஒயினும் கிடைக்கும் என்றால் பாதிரியாரின் பூசையைக்கூட விட்டுவிட்டு வருகிற ஊர் அது. ஊர் பேண்டுக்காரர்களை மேல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். படத்தில் பாட்டுக் கேட்காதுதான். ஆனால் பாட்டு இல்லாமல் ஜனங்களுக்கு முகத்தில் உணர்ச்சி வராது என்பது தோன் இலாரியோவின் கட்சி.

"எல்லாரும் கத்தணும்!" என்றார் குழலில். "என்ன வேணா கத்துங்க. ஒண்ணும் கேக்காது. வாய் அசைஞ்சாப் போதும்!"

இப்படி ஒரு வரம் எந்த ஊருக்குக் கிடைக்கும்? ஒத்திகையின்போதே ஆலிவ் வியாபாரி ஒருத்தன் எழுந்து நிழல் பக்கம் உட்கார்ந்திருந்த மேயரைப் பார்த்து, "யோவ் தொந்தி! எங்க தெருக் குழாயத் தின்னுட்டியே, செரிச்சிச்சா?" என்று தொண்டை கிழியக் கத்தினான். மேயர் தொப்பியை எடுத்து அவனுக்குக் கும்பிடு போட்டார். பேண்டு சத்தத்தில் அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வட்டமே உருண்டு புரண்டு சிரித்தது.

கசில்தாவின் இருக்கைக்குப் பக்கவாட்டில் ஒரு மேடை கட்டி, பிரெஞ்சுக்காரர் ஆர்மாந் காமிராவைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னொரு காமிரா எதிர்ப்பக்கம் மாட்டைப் பிடிக்கும். இவருடையது அவளை மட்டும் பிடிக்கும். அவளுக்கு நேர் கீழே பலகை மறைப்பு, அதன் பின்னால் நிகானோர். ஆர்மாந் கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார். புத்தகத்தில் படித்த பாஷை அவருக்கு.

"உமது கணவரின் தலையும் ஓரத்தில் விழுகிறது, அம்மா. இருக்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது. மிக நல்ல மனிதர். நேற்றுச் சாயங்காலம் எனக்காக மாட்டோடு விளையாடிக் காட்டினார்."

"மாட்டோடயா?"

"வெளிச்சம் அளக்க வேண்டும், மாடு எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்க்க வேண்டும் என்றேன். உடனே துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெகுநேரம் ஆடினார். வியர்த்துப் போயிற்று, பாவம்."

"எந்த மாடுங்க?" அவள் முழுக்க அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்போது வரப்போகிறதே, அதே மாடுதான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்று ஒன்று போதுமே என்றேன். இல்லை, அதுதான் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அடக்கமானவர்."

பண்ணை மாட்டுக்காரர்களுக்குத் தலைவனாக இருந்தவர் கசில்தாவின் அப்பா. அவள் வளர்ந்ததே மாட்டு வாசனையில். போர்க்காளை என்பது தரையில் நிற்கிற மனிதனையும் துணியையும் ஒரே ஒரு தடவைதான் பார்க்கலாம்; பார்க்கிற அன்று அது சாக வேண்டும். அதற்கு முன்னால் குதிரைமேல் இருக்கிற மனிதனை மட்டும்தான் அதற்குக் காட்டுவார்கள். மாடு முட்டாள் இல்லை. துணியை முட்டினால் காற்றுதான் என்பதையும், சதை பக்கத்தில் நிற்கிறது என்பதையும் கொஞ்ச நேரத்தில் படித்துக்கொண்டுவிடும். படித்ததை மறக்காது. திருட்டுத்தனமாக ஒரு கன்றுக்குச் சட்டையை வீசிக் காட்டிய வாலிபனை அவள் அப்பா சவுக்கால் அடித்து ஊரைவிட்டே துரத்தினார். "துணி பார்த்த மாட்டை விடுறதும் சோத்துல விஷம் வைக்கிறதும் ஒண்ணு" என்பார்.

நிகானோருக்கும் இதெல்லாம் பாலோடு குடித்த பாடம்.

கதவு திறந்தது. மாடு வந்தது.

சாதாரணமாக வருகிற மாடு வெயிலில் கண் கூசி, சுற்றிச் சுற்றி ஓடி, எது அசைந்தாலும் பாயும். இது அப்படிப் பாயவில்லை. கொஞ்சம் ஓடியது, நின்றது, தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரையோ தேடுகிறாற்போல இருந்தது. எவரிஸ்தோ துணியை விரித்துக் கூப்பிட்டான். வந்தது. கடைசி அடியில் கொம்பைத் துணியிலிருந்து விலக்கி அவன் இடுப்புப் பக்கம் வீசிற்று. அவன் வயிற்றை உள்ளிழுத்துத் தப்பினான். கூட்டம் ஆஹா என்றது. அவன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டது.

எவரிஸ்தோ நிகானோர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். மாட்டைக் காட்டி, பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். இது என்னைப் பார்க்குதேடா என்கிறான் என்று கசில்தாவுக்கு மேலிருந்தே புரிந்தது. நிகானோர் தலையை ஆட்டிவிட்டுக் காமிராவைச் சுட்டிக் காட்டினான். அந்தச் சத்தத்தில் மிரளுது, ஒண்ணுமில்ல, போ.

கத்தினால் என்ன ஆகும் என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்தது. உண்மை வெளியே வந்தால் மாட்டுக்காரர்கள் நிகானோரை அடித்தே கொல்வார்கள். அதைவிட, அவள் இன்னொருத்தனுக்காகக் கத்தினாள் என்பது நிகானோருக்குச் சாகிறவரை சொல்லிக்காட்டப் போதும். கத்தாவிட்டால் எவரிஸ்தோ செத்துப்போவான்.

எழுந்தாள்.

"யோவ்! நிகானோர்! மாட்ட இழுய்யா! இழு!"

பேண்டு அப்போதுதான் உச்சத்துக்குப் போயிற்று. ஊரே வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசைக் கிழவன் மேயரின் மாமியாரை ஏதோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"எவரிஸ்தோ! ஓடி வந்துடு! அது துணி பாத்த மாடு! எவரிஸ்தோ!" கையை நீட்டிக்கொண்டு பலகைமேல் பாதி உடம்பைச் சாய்த்துக் கத்தினாள். கண்ணை அவன்மேலிருந்து எடுக்கவில்லை.

"அப்படித்தான் என் ராசாத்தி!" என்று தோன் இலாரியோ குழலில் கத்திக்கொண்டே குதித்தார். "இன்னும்! இன்னும்! அழு! ஆர்மாந், விடாதே, சுத்து!" ஆர்மாந் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மெச்சித் தலையாட்டினார்.

அவளைப்போல உண்மை கத்தியவளும் இல்லை, அதைப்போல் பாராட்டு வாங்கியவளும் இல்லை. அவள் காமிராவைப் பார்த்தாள், குழலைப் பார்த்தாள், வெறிபிடித்தவள்போல் திரும்பி வரிசைகளை மிதித்துக்கொண்டு மேலே ஏறினாள். யாருடைய மடியையோ மிதித்தாள். முக்காடு எதிலோ மாட்டிக் கிழிந்தது. பேண்டு மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். "நிறுத்துய்யா! நிறுத்து!"

எக்காளம் ஒன்று நின்றது, இன்னொன்று பிசிறடித்தது, பறை தானாக ஓய்ந்தது. படம் முடிந்துவிட்டது போலும் என்று ஜனங்களும் வாயை மூடினார்கள். அந்த அமைதியில் அவள் கீழே திரும்பி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"எவரிஸ்தோ!"

பேர் சொல்லிக் கூப்பிட்டால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? அவன் திரும்பினான். மேலே அவளைப் பார்த்தான். மாடு அவன் திரும்புவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. துணி அசைந்துகொண்டுதான் இருந்தது, அதை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அவன் தொடையில் வாங்கித் தூக்கியது.

அதன்பிறகு அவள் சொன்ன மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. நிகானோர் மறைப்பிலிருந்து பாய்ந்து ஓடி, துணியையும் தன் உடம்பையும் கொம்புக்குக் கொடுத்து மாட்டை இழுத்துக்கொண்டு போனான். எவரிஸ்தோவைத் தோளில் தூக்கி வந்ததும் அவன்தான். தைரியசாலி என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் விடியும்போது எவரிஸ்தோ பண்ணை வீட்டுக் கட்டிலில் செத்துப்போனான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பேர் சொல்லிக் கூப்பிட்டே கொன்னுட்டா" என்றார்கள். "பழைய பிரியம் பாரு, அடக்க முடியல" என்றார்கள். எவரிஸ்தோவின் அம்மா தியோனிசியா, துக்கம் விசாரிக்கப் போன கசில்தாவை வாசலிலேயே நிறுத்தி, "என் மகன் கடைசியா உன் மூஞ்சியத்தானே பாத்தான்? போதும், போ" என்று கதவைச் சாத்தினாள்.

ஆர்மாந் சொன்னதை வீட்டில் கசில்தா எடுத்துச் சொன்னதும் நிகானோர் தரையில் உட்கார்ந்து அழுதான். "தொழுவத்து இருட்டுல எதோ ஒரு மாட்ட ஓட்டிட்டு வந்தேன் கசில்தா. இதுன்னு சத்தியமாத் தெரியாது. அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு என்ன தெரியும், அவன் உளர்றான்."

"நான் கத்தினேனே. உன்னத்தான மொதல்ல கூப்பிட்டேன்."

"பேண்டு சத்தத்துல எதுவும் கேக்கல. கேட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? உன் பக்கம் திரும்பவே இல்லையே நான்."

இருட்டில் கண்ணுக்குத் தெரிவதே அந்த வெள்ளைச் சுட்டிதான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்பினாள். நம்பாவிட்டால் யாரோடு குடித்தனம் நடத்துவது? தவிர, அவளுடைய கையும் சுத்தமில்லை என்றே அவள் நினைத்தாள். அவன் இருட்டில் தப்புச் செய்தான், அவள் வெளிச்சத்தில் கூப்பிட்டாள். சரிக்குச் சரி. அவன் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவனும் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டான். சாராயக் கடையில் யாராவது முணுமுணுத்தால், "விடுங்கப்பா, பொம்பள, பயந்துட்டா. நானே மன்னிச்சுட்டேன், உங்களுக்கென்ன?" என்பானாம். நல்ல புருஷன் என்று ஊர் சொன்னது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒரு சொல் உண்டு. ஆனால் பாவம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கே அப்போது நிச்சயமில்லை. ராத்திரி கண்ணை மூடினால், எவரிஸ்தோ திரும்பி அவளைப் பார்ப்பான்.

ஆலிவ் பறிப்பு ஆரம்பிக்கும்போது படம் ஊருக்கு வந்தது. கோதுமைக் கிடங்கில் வெள்ளைத் துணி கட்டினார்கள். உண்மையான ரத்தம், உண்மையான மரணம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். தோன் இலாரியோ ஒரு துண்டைக்கூட வெட்டவில்லை.

"நாம போக வேணாம்" என்றான் நிகானோர்.

"எல்லாரும் என்னப் பாத்துட்டாங்க. நானும் ஒரு தடவ என்னப் பாத்துக்கறேன்" என்றாள் அவள். தனியாகப் போய்விடுவாள் என்று தெரிந்ததும் அவனும் தொப்பியை எடுத்துக்கொண்டு கூட வந்தான்.

கிடங்கு நிரம்பி வழிந்தது. அவர்கள் உட்கார்ந்ததும் பக்கத்து பெஞ்சு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. கோயில் மணிக்காரர் முன்னால் நின்று, படத்தில் வருகிற எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்க வாசித்தார். சீமாட்டி வந்தாள், முத்தம் கொடுத்தாள், விசிறியை ஒடித்தாள். ஜனங்கள் விசிலடித்தார்கள். பிறகு வட்டம் வந்தது, மாடு வந்தது. விசில் நின்றுபோயிற்று.

திரை முழுக்கக் கசில்தாவின் முகம்.

தன் முகம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அம்மணமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. மணிக்காரர் வாசித்தார்: "அன்பே! ஒரு முறை என்னைப் பார்!" முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பி அவளைப் பார்த்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. திரையின் கீழ் மூலையைத்தான் பார்த்தாள்.

அங்கே நிகானோர் நின்றிருந்தான். பலகை மறைப்புக்குப் பின்னால், கையில் துணியோடு. அவள் முதல் தடவை வாயைத் திறந்ததுமே அவன் தலை விருட்டென்று மேலே திரும்பியது. அவள் கத்துவதை அண்ணாந்து பார்த்தான். கேட்டவன் முகம் அது. பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கண் எங்கே போகிறது என்று அவனும் அந்தப் பக்கம் பார்த்தான், வட்டத்தின் நடுவை. மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு நிதானமாகத் திரும்பி, பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டான்.

காத்திருந்தான்.

கிடங்கில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தப் பெரிய முகத்தின்மேல் இருந்தது. கசில்தா பார்த்தாள். இத்தனை மாசமாக அவள் தூக்கிச் சுமந்த பாரம் பாதிக்குமேல் அவளுடையது இல்லை. மன்னித்தேன் மன்னித்தேன் என்று ஊர் நடுவில் சொல்லிக்கொண்டு, அதை அவள் தலையில் ஏற்றிவைத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன்மேல் அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

அவனும் பார்த்துவிட்டான். அவன் மூச்சு மாறியதில் தெரிந்தது. வெட்கப்படுவான், அழுவான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"பாத்தியா? உன் கண்ணு யார் மேல இருக்கு பாத்தியா? இப்பவாவது ஒத்துக்கோ."

கசில்தா திரையைப் பார்த்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ராட்சச முகத்தின் கண்கள் எவரிஸ்தோவை விட்டு அசையவே இல்லை. யார் பார்த்தாலும் தெரியும்.

"ஒத்துக்கறேன்" என்றாள். "அவனத்தான் பாத்தேன். மனசுல இருந்துச்சு, பாத்தேன். நீ கேட்டே."

"என்ன?"

"நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சு, நிகானோர். கேட்டுட்டுத் துணிய மடிச்சே."

அவன் வாயைத் திறந்தான். திரையில் மாடு எவரிஸ்தோவைத் தூக்கியது. கிடங்கு முழுவதும் அலறியது. அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை, கேட்க ஆசையும் இல்லை. எழுந்தாள்.

"எங்க போற? உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"தியோனிசியா வீட்டுக்கு."

"அவ கதவத் தொறக்க மாட்டா."

"தொறக்கற வரைக்கும் தட்டுவேன். நாளைக்கும் இந்தப் படம் இருக்கு. அவள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, எந்த மூலையப் பாக்கணும்னு காட்டுவேன்."

அவன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவள் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். பின்வரிசைக்காரர்கள், "ஏம்மா, மறைக்குது, குனிஞ்சு போம்மா!" என்று கத்தினார்கள். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைச்சல். கசில்தா குனியாமலே நடந்து வெளியே போனாள்.